மூன்றாண்டுச் சிறை: தேவசகாயம் வழக்கில் காலம் தரும் சாட்சியம்

1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் கொல்லப்பட்ட, கத்தோலிக்கராக மாறிய திருவிதாங்கூர் அரண்மனை அலுவலர் தேவசகாயம், விசுவாசத்துக்காக இறந்தாரா, அரசத் துரோகத்துக்காகத் தண்டிக்கப்பட்டாரா? மதம் மாறியதற்காகத் திருவிதாங்கூரில் எவரும் கொல்லப்பட்டதில்லை என்று ஒரு சாரார் நெடுங்காலமாக வாதிட்டுவருகின்றனர். ஐரோப்பியருக்கு அரசு இரகசியங்களைச் சொன்னதே அவர் குற்றம் என்பது அவர்கள் தரப்பு. 2012இல் அருளாளர் பட்டமும் 2022இல் புனிதர் பட்டமும் கிடைத்ததால் இவ்விவாதம் முடிந்துவிடாது. திருச்சபையின் தீர்ப்பு வேறு, வரலாற்றாய்வின் தீர்ப்பு வேறு. ஆயினும் துரோக வாதம் ஒரு செய்திக்கு விளக்கம் தராமலே கடந்துபோகிறது. அவர் 1749 பிப்ரவரியில் கைதானார். கைதுக்கும் கொலைக்கும் இடையே ஏறத்தாழ மூன்றாண்டுகள்.

இந்த இடைவெளியே முதன்மைச் சான்று என்பது என் துணிபு. கொச்சி ஆயர் 1756இல் உரோமைக்கு அனுப்பிய அறிக்கை இம்மரணத்தைக் குறிப்பிடுகிறது. எழுதியவர் சார்புடையவர் என்பதால் அதைத் தள்ளிவிடுகிறார்கள். சார்பு உண்மைதான். எனவே அறிக்கை கற்பிக்கும் காரணத்தை இப்போதைக்கு ஒதுக்கிவைப்போம். சிறையின் நீளம் மட்டும் என்ன சொல்கிறது?

திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மர் துரோகிகளை நடத்திய முறை நாம் அறிந்ததே. அவரை எதிர்த்த பிரபுக்களான எட்டுவீட்டில் பிள்ளைமார் கொல்லப்பட்டனர். அவர்தம் குடும்பத்தார் மீனவர்களிடம் விற்கப்பட்டனர் என்பது வழக்கு. அங்கே திருந்துவதற்குத் தவணை இல்லை. தேவசகாயத்தையோ எருமைமேல் பின்னோக்கி அமர்த்தி ஊர் ஊராகக் கொண்டுசென்றனர் என்கிறது மரபு. ஊரறிய இழிவுபடுத்துவதும் மீண்டும் மீண்டும் அடிப்பதும் ஒருவரை மனம் மாற்ற எடுக்கும் வழிகள். இரகசியத்தை விற்றவன் அதைத் திரும்பப் பெற இயலாது. விசுவாசத்தை ஏற்றவன் அதைக் கைவிட இயலும். அரசு மூன்றாண்டு காத்திருந்தது என்றால், அவர் சொல்லக்கூடிய ஒரு சொல்லுக்காகவே காத்திருந்தது எனக் கொள்வதே பொருத்தம்.

ஐரோப்பியருக்கு அரசு இரகசியங்களைச் சொன்னார் என்ற குற்றச்சாட்டும் இங்கே தளர்கிறது. அவரை நெறிப்படுத்திய ஐரோப்பியர் டி லனாய். குளச்சல் போரில் (1741) பிடிபட்டு, பின் மன்னரின் படையையே பயிற்றுவித்தவர். தேவசகாயம் கொல்லப்பட்ட பிறகும் அவர் பணியில் நீடித்து 1777இல் உதயகிரியில் இறந்தார். அவர்மேல் ஐயம் விழாதபோது, அவரிடம் வேதம் கற்றவர்மேல் மட்டும் ஒற்றுக் குற்றம் ஏன்?

வலுவான மறுப்பு ஒன்று உண்டு. டி லனாயும் கத்தோலிக்கர், கடற்கரை ஊர்களிலும் கத்தோலிக்கர் வாழ்ந்தனர்; அவர்களை அரசு தொடவில்லையே? விடை அவரவர் நின்ற இடத்தில் இருக்கிறது. தேவசகாயம் பத்மநாபபுரம் அரண்மனை அலுவலர், நாயர் குலத்தவர். எல்லாச் சாதியாரோடும் கலந்து பழகியவர். அவர் சிறையில் இருந்தபோதே, 1750 சனவரியில், மன்னர் நாட்டைப் பத்மநாப சுவாமிக்கு அர்ப்பணித்துத் தம்மைப் பத்மநாபதாசர் ஆக்கிக்கொண்டார். கைது அதற்கு முந்தியது; ஆகவே அர்ப்பணம்தான் காரணம் என்று சொல்லவில்லை. தெய்வமே அரசரான நாட்டில், அரண்மனை ஊழியர் அத்தெய்வத்தை மறுப்பது ஒரே செயலில் துரோகமும் ஆகிறது என்பதே என் வாதம். ‘மதமா, அரசியலா’ என்ற கேள்வியே பிற்காலத்துப் பிரிவினை.

தேவசகாயத்தின் தாகம் தீரப் புலியூர்க்குறிச்சிப் பாறையில் நீர் சுரந்தது என்ற கதையைக் காட்டி மரபு முழுவதையும் ஐயுறுவோருக்கு நீண்ட விடை தேவையில்லை. அற்புதக் கதை சேர்ந்ததால் கைதும் கொலையும் பொய்யாகிவிடா.

காலத்தையே சான்றாகக் கொள்ளும் இம்முறை பிற வழக்குகளுக்கும் உதவும். வட ஆர்க்காட்டில் 1876–78 பஞ்சத்தின்போது கிறித்தவ சபைகளில் சேர்ந்த ஏழைகளைச் சோற்றுக்காக வந்தவர்கள் என்று எளிதாகத் தீர்ப்பிட்டுவிடுகிறோம். பசித்தவர் சோற்றையும் தேடியிருப்பார், அதில் இழிவில்லை. ஆனால் ஒருவர் ஏன் வந்தார் என்பதோடு ஆய்வு நின்றுவிடலாகாது. கஞ்சித்தொட்டி மூடிய பின் யார் தங்கினர், ஊர் ஒதுக்கியபோது என்ன இழந்தனர் என்று சபைப் பதிவேடுகளை ஆண்டுவாரியாகத் தொடர வேண்டும். டி லனாய் தேவசகாயத்துக்கு யோபுவின் கதையைச் சொன்னதாக மரபு. யோபுவின் விசுவாசமும் செல்வம் இருந்த நாளில் அன்று, அது போன பிறகே அளக்கப்பட்டது. விசுவாசத்தின் வரலாற்றை மதம் மாறிய நாளிலிருந்து மட்டும் எழுதினால், அதற்குப்பின் அதைக் காத்தவர்களுக்கு நாம் அநீதி செய்கிறோம்.