பெருவிலிருந்து ஒரு மடல்

ஏடுகளைக் காப்பது அரசின் தொன்மையான கடமை. ஓலையையும் தாளையும் படிக்க எழுத்தறிவு போதும். கணிப்பொறியில் வைத்த ஏட்டைத் திறக்கவோ மென்பொருளும் வேண்டும். அம்மென்பொருளின் உள்ளமைப்பு ஒரு நிறுவனத்தின் இரகசியமாயின், ஏடு எவருடையது?

இவ்வினாவைப் பெரு நாட்டில் எழுப்பியவர் நாடாளுமன்ற உறுப்பினர் எட்கர் வில்யனுவேவா. கெச்சுவா மக்களின் வாழ்வை எழுதிய ஹோசே மரியா அர்கேதாஸ் பிறந்த அபுரிமாக் பகுதியின் பிரதிநிதி அவர். அரசு அலுவலகங்கள் கட்டற்ற மென்பொருளையே பயன்படுத்த வேண்டும் என்னும் மசோதாவை அவர் முன்வைத்தார். மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் பெரு மேலாளர் 2002 மார்ச்சில் மறுப்பு மடல் விடுத்தார். வில்யனுவேவா ஏப்ரலில் விடையிறுத்தார்.

பொதுத் தகவலைக் குடிமக்கள் தடையின்றிப் பெறுதல், பொது ஆவணங்கள் நிலைத்திருத்தல், நாட்டின் பாதுகாப்பு ஆகிய மூன்றுமே மசோதாவின் அடிப்படைகள் என்றார் அவர். செலவுக் குறைப்பு அதன் அடிப்படை நோக்கமன்று. மூடிய மென்பொருளை ஆக்குவதையும் விற்பதையும் மசோதா தடுக்கவில்லை. அரசு எத்தகையதை ஏற்கலாம் என்பதையே அது வரையறுத்தது. அம்மடல் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டு உலகெங்கும் படிக்கப்பட்டது.

அவ்வாண்டு ஜூலையில் பில் கேட்ஸ், குடியரசுத் தலைவர் தொலேதோவைச் சந்தித்து, பெருவின் பள்ளிகளுக்கென 5,50,000 டாலர் உதவி வழங்கினார். மசோதா முதல் வடிவில் நிறைவேறவில்லை. 2005-இல் வந்த 28612-ஆம் சட்டம் எவ்வகை மென்பொருளையும் கட்டாயமாக்கவில்லை. வாங்குமுன் மதிப்பீட்டு அறிக்கை வேண்டும் என்று மட்டும் விதித்தது.

மசோதாவின் முதல் வடிவம் தோற்றது. பொது ஏட்டைத் திறக்கும் உரிமை பொதுமக்களுடையது என்னும் வாதத்தை நாடுவோர் இன்றும் அம்மடலையே எடுத்துப் படிக்கின்றனர்.