பாகப்பிரிவினையும் உயிலும்: சேலம், நாமக்கல் சமவெளி

சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சமவெளியில் ஒரு குடும்பத்தின் காடு, வீடு, தொழில் ஆகியவை அடுத்த தலைமுறைக்குப் போக நான்கு வழிகள் உண்டு: பாகப்பத்திரம், தான செட்டில்மெண்ட், உயில், எதுவும் எழுதாமல் இறந்தால் வாரிசுரிமை. நான்கில் உயில்தான் கடைசியாக வந்தது. இருக்கும்போதே பிரித்துக் கொடுப்பதுதான் பெரியவருக்கு அழகு என்ற எண்ணம் இன்னும் பலமாக இருப்பதால், இன்றும் கடைசியாகவே அது யோசிக்கப்படுகிறது.

1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமிருந்து இப்பகுதி கும்பெனியாரின் கைக்கு வந்தது. கும்பெனி அதிகாரியான அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழிருந்த தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து, குடியானவன் பேரிலேயே தீர்வை விதித்தார்கள். ரயத்துவாரி முறை இங்குதான் உருப்பெற்றது. 1802இன் நிரந்தரத் தீர்வைச் சட்டத்தை ஒட்டி மிட்டாக்கள், அதாவது சிறு ஜமீன்கள், ஏலம் விடப்பட்டன. தீர்வை கட்ட முடியாமல் பல மிட்டாக்கள் கைமாறின. மிஞ்சியவை 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்தோடு போயின. ஆக, குடும்பச் சொத்து என்றால் பட்டா நிலம் என்றாயிற்று. அதன் வாரிசுரிமை மட்டும் விஞ்ஞானேசுவரரின் மிதாட்சர நெறியிலேயே நின்றது. மகனுக்குப் பிறந்த நாளிலேயே பங்கு. மகளுக்குச் சீரும் நகையும்.

அந்த நெறியில் உயிலுக்கு இடமில்லை. ஆங்கிலேயர் நீதிமன்றங்கள்தான் அதை ஏற்றுக்கொண்டன. 1870இன் இந்து உயில்கள் சட்டம் மதராஸ் மாகாணத்தில் மதராஸ் நகருக்கு மட்டுமே பொருந்தியது. 1925இன் இந்திய வாரிசுரிமைச் சட்டம் உயிலெழுதும் விதிகளை 1927 முதல் எல்லா ஊர் இந்துக்களுக்கும் விரித்தது. புரொபேட், அதாவது உயில் உண்மையானது என்று நீதிமன்றம் தரும் மெய்ச்சான்று, கட்டாயம் என்ற 213ஆம் பிரிவோ இம்மாகாணத்தில் அப்போதும் சென்னை நகரின் எல்லையைத் தாண்டவில்லை. ராசிபுரத்தில் எழுதி ராசிபுரத்து நிலத்தைத் தரும் உயிலுக்குப் புரொபேட் வேண்டியிருக்கவில்லை. அதே ஆளுக்குச் சென்னையில் ஒரு அடுக்ககம் இருந்தால் வேண்டியிருந்தது. இந்த வேறுபாட்டை 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் அந்தப் பிரிவையே நீக்கி முடித்துவைத்தது. உள்ளூரில் எதுவும் மாறிவிடவில்லை.

உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவும் கட்டாயமில்லை. இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டாக வேண்டும். மாவட்டப் பதிவாளரிடம் முத்திரையிட்ட உறையில் ஒப்படைத்து வைக்கவும் 1908இன் பதிவுச் சட்டம் வழி வைத்திருக்கிறது, பயன்படுத்துவோர் குறைவு. தகராறு வந்தால் சாட்சிகளில் ஒருவராவது கூண்டேறி நிரூபிக்க வேண்டும். எண்பது வயதுக்காரர் தன் வயதொத்த நண்பர்களையே சாட்சியாக வைத்துக்கொள்வது ஆபத்து என்பதை அனுபவமுள்ள பத்திர எழுத்தர்கள் சொல்லிவிடுவார்கள்.

பாகப்பத்திரத்துக்கு அரசே ஒருமுறை வேகம் கொடுத்தது. 1961இன் நில உச்சவரம்புச் சட்டம் ஒரு குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் என்றது. 1970இல் அது 15 ஆகக் குறைந்தது. உச்சவரம்புக்குப் பயந்து காகிதத்தில் மட்டும் பிரித்து, காட்டில் ஒன்றாகவே உழுத குடும்பங்களும் உண்டு. 1980களில் நிலவுடைமைப் பதிவேடுகளைப் புதுப்பித்த யு.டி.ஆர். திட்டத்தில் பல இடங்களில் அண்ணன் பெயர் ஏறித் தம்பி பெயர் விடுபட்டது. பத்திரம் ஒன்று சொல்ல, பட்டா வேறொன்று சொல்லும் வழக்குகளில் பெரும்பகுதிக்கு இந்த இரண்டில் ஒன்றே வேர்.

உண்மையான திருப்பம் மகள் பங்குதாரராக வந்ததுதான். 1956இன் இந்து வாரிசுரிமைச் சட்டம் தகப்பனின் தனிச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு தந்தது. பூர்வீகச் சொத்தில் தகப்பனின் பங்குக்குள் ஒரு சிறு துண்டுதான். தமிழ்நாடு, மையச் சட்டம் வருவதற்குப் பதினாறு ஆண்டுகள் முன்பே, 1989 மார்ச் 25 முதல் மகளையும் கூட்டுப் பங்காளியாக்கியது. அந்தத் தேதிக்கு முன் மணமானவளுக்கு மட்டும் அது இல்லை. ஒரே வீட்டில் அக்காவுக்குப் பங்கில்லை, தங்கைக்கு உண்டு என்ற நிலைமை, மையச் சட்டம் அமலுக்கு வந்த 2005 செப்டம்பர் 9 வரை நீடித்தது. தகப்பன் அந்த நாளில் உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பத்தை வினீதா சர்மா வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது: வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 20க்கு முன் பதிவாகிவிட்ட பாகங்கள் தப்பின. 2022இல் தமிழ்நாட்டு வழக்கான அருணாச்சல கவுண்டர் எதிர் பொன்னுசாமியில் அதே நீதிமன்றம் இன்னும் பின்னோக்கிப் போய், 1956க்கு முன் உயிலின்றி இறந்தவரின் சுயசம்பாத்தியம் அவருடைய ஒரே மகளுக்கே சேரும், சகோதரன் வழிக்கு அல்ல என்றது. நடைமுறையில் இந்தச் சட்டங்கள் பெருக்கியது விடுதலைப் பத்திரங்களைத்தான். பொறந்தவள், அதாவது உடன்பிறந்தவள், சில பவுனோ ஒரு தொகையோ வாங்கிக்கொண்டு, சில வீடுகளில் ஒன்றும் வாங்காமலே, தன் பங்கை விட்டுக் கையெழுத்திட்டுத் தருகிறாள்.

செட்டில்மெண்ட் பரவியதற்குச் செலவு ஒரு காரணம். 2023 ஜூலை முதல் குடும்பத்துக்குள் எழுதினால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சம் 10,000. ஆனால் உயிலைச் சாகும்வரை மாற்றி எழுதலாம். செட்டில்மெண்டை, பெற்றவர் ஏற்றுக்கொண்ட பின், கொடுத்தவர் தனியாகப் போய் ரத்து செய்ய முடியாது. கைவிடப்பட்ட பெற்றோருக்கு 2007இன் மூத்த குடிமக்கள் சட்டம் 23ஆம் பிரிவில் ஒரு வாசல் திறந்தது. கோட்டாட்சியர் முன் மனுப் போடலாம். பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதிவிட்டால் வழக்கு எளிதாகும். பெற்ற பிள்ளையிடம் நிபந்தனை போடுவதா என்று கூச்சப்பட்டு விட்டுவிடுகிறவர்களே அதிகம்.

நிலம் பிரியும், லாரி பிரியாது. நாமக்கல், சங்ககிரி வட்டாரத்தில் சொத்து என்பது இப்போது லாரி, கோழிப்பண்ணை, திருச்செங்கோட்டு ரிக் வண்டி, சேலத்துச் சேகோ ஆலை. பெர்மிட் வைத்திருந்தவர் இறந்தால், வண்டியை எடுத்து ஓட்டும் வாரிசு 30 நாட்களுக்குள் போக்குவரத்து அதிகாரிக்குத் தெரிவித்தால் மூன்று மாதம் அதே பெர்மிட்டில் ஓட்டலாம். அதற்குள் பெயர் மாற்ற விண்ணப்பித்தாக வேண்டும். கூட்டுத் தொழிலில், ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லாவிட்டால், ஒரு பங்குதாரரின் மரணத்தோடு நிறுவனமே கலைந்ததாக 1932இன் சட்டம் கொள்கிறது. வங்கியில் நாமினியாக இருப்பவர் பணத்தை வாங்கிவைத்திருப்பவர் மட்டுமே, உரிமை வாரிசுகளுடையது.

நிலத்திலும் பிரியாதது ஒன்று உண்டு. இவ்வட்டாரத்துப் பாகப்பத்திரங்களில் 'அ', 'ஆ' ஷெட்யூல்களின் செக்குபந்திக்கு, அதாவது நான்கெல்லை விவரத்துக்கு, பின்னால் மாமூல் வண்டித்தடப் பாத்தியமும், கிணற்றிலும் மோட்டாரிலும் மின் இணைப்பிலும் பொதுவில் இன்ன பங்கு என்பதும் எழுதப்படும். நான்கு பங்காளிகள், ஒரே இலவச மின் இணைப்பு, அதுவும் இறந்துபோன தகப்பன் பேரில். யார் எந்த நாள் தண்ணீர் இறைப்பது, மோட்டார் எரிந்தால் காயில் கட்டும் கூலியை யார் தருவது என்பதைப் பத்திரத்தில் எழுதாதவர்கள், காட்டின் எல்லையில் சண்டை போடுவதைவிடக் கிணற்றுமேட்டில்தான் அதிகம் போடுகிறார்கள்.