பிழை என்னும் பெயருடைய பானம்

இத்தாலியில் 'நெக்ரோனி ஸ்பாலியாத்தோ' என்றொரு கலவை மது உண்டு. 'ஸ்பாலியாத்தோ' என்ற சொல்லுக்குப் 'பிழையானது' என்பது பொருள். மிலான் நகரத்து பார் பாஸோ என்னும் மதுக்கூடத்தை 1967இல் ஏற்று நடத்தத் தொடங்கிய மிர்கோ ஸ்தொக்கெத்தோ, கூட்ட நெரிசலில் ஜின் குப்பி என்று எண்ணி நுரைக்கும் ஒயின் குப்பியை எடுத்து ஊற்றிவிட்டாராம். 1972ஆம் ஆண்டில் நடந்ததாகப் பரவலாகச் சொல்லப்படுகிறது. பிழை சுவையாக இருந்தது; பெயரும் அதுவே ஆயிற்று.

ஏடு பெயர்த்து எழுதியவரின் கைப்பிழை சில வேளைகளில் மூலத்தைவிட நல்ல பாடமாக நிலைத்துவிடுவதைப் பாடபேதங்களோடு பழகிய நாம் அறிவோம். ஆயினும் எந்தப் பாடபேதமும் வெற்றிடத்தில் பிறப்பதில்லை. ஸ்தொக்கெத்தோவின் கைக்கு எட்டும் தொலைவில் அந்தக் குப்பி ஏன் இருந்தது என்று கேட்டால், கதை இரு நூற்றாண்டுகள் பின்னோக்கி நீள்கிறது.

இப்பானத்தில் மூன்று பொருள்கள் உள்ளன: காம்பாரி என்னும் சிவந்த கசப்பு மது, இனிப்பு வெர்மூத், நுரைக்கும் ஒயின். இவற்றுள் வெர்மூத், வடிசாராயம் சேர்த்து வலுவேற்றிய ஒயின் வகையைச் சேர்ந்தது. ஒயினில் சாராயம் கூடும்போது ஈஸ்ட் செயலிழக்கிறது. ஒயின் எளிதில் கெடுவதில்லை. போர்ட், ஷெர்ரி, மதீரா ஆகியன நெடுங்கடல் பயணங்களைத் தாங்கியதற்கு இதுவே காரணம். 1786இல் தூரின் நகரத்தில் அந்தோனியோ பெனெதெத்தோ கார்ப்பானோ இம்முறையோடு மூலிகைகளையும் சர்க்கரையையும் சேர்த்து வெர்மூத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தார். நம் மாசிபத்திரியின் இனத்தைச் சேர்ந்த ஒரு கசப்புச் செடிக்கு ஜெர்மன் மொழியில் வழங்கும் 'வெர்முட்' என்ற பெயரே பானத்துக்கும் ஆகிவந்தது.

நுரைக்கும் ஒயினின் வழி இதற்கு நேரெதிர். அங்கே ஈஸ்டை அடக்குவதில்லை; நொதித்து முடிந்த ஒயினில் சர்க்கரை சேர்த்து அதை மீண்டும் எழுப்புகிறார்கள். பிறக்கும் கரிவளி வெளியேற வழியின்றி ஒயினுக்குள்ளேயே கரைந்து நிற்கிறது. துறவி தோம் பெரிஞோன் கண்டுபிடித்ததாக நெடுங்காலம் நம்பப்பட்ட இந்த உத்தியை, அவர் ஒவில்லேர் மடத்துக்கு வருவதற்கு ஆறாண்டுகள் முன்பே, 1662இல், இலண்டனின் ராயல் சொசைட்டியில் கிறிஸ்டோபர் மெரெட் விவரித்திருக்கிறார். இத்தாலியில் கார்லோ கான்சியா 1865இல் கனெல்லி ஊரில் மொஸ்காத்தோ திராட்சையைக் கொண்டு இவ்வகை ஒயினைச் செய்தார். அவர் பெயரிலான நிறுவனம் வெர்மூத்தும் தயாரித்தது என்பது இங்கே கவனிக்கத்தக்கது. 1895இல் அஸ்தி நகரத்து ஃபெதெரிகோ மார்த்தினோத்தி, குப்பிக்குக் குப்பி நொதிக்கவிடாமல் பெரிய மூடிய கலனிலேயே நொதிக்கச் செய்யும் முறையை வகுத்தார். நுரை மலிவாயிற்று, விழாக்களிலிருந்து இறங்கி அன்றாட மதுக்கூட மேசைக்கும் வந்து சேர்ந்தது.

இனி மூன்றாவது இழை. கஸ்பாரே காம்பாரி 1860இல் நொவாராவில் தம் மதுவை உருவாக்கிப் பின்னர் மிலானில் கடை விரித்தார். காம்பாரியும் வெர்மூத்தும் சேர, மேலே சோடா ஊற்றினால் அது அமெரிக்கானோ. 1919இல் ஃப்ளோரன்ஸ் நகரத்தில் கமில்லோ நெக்ரோனி என்ற பிரபு, சோடாவை நீக்கி ஜின் ஊற்றச் சொன்னார் என்பது மரபுவழிச் செய்தி. அன்று பானம் வலுப்பெற்றது, நுரையை இழந்தது. அரை நூற்றாண்டு கழித்து ஸ்தொக்கெத்தோவின் கை ஜின்னை விலக்கி நுரையை மீட்டது. ஆகவே அந்தப் பிழையை ஒரு திரும்புதல் என்றே நாம் வாசிக்கிறோம். சோடா இருந்த இடத்துக்கு ஒயின் வந்தது. அடக்கப்பட்ட ஒயினும் எழுப்பப்பட்ட ஒயினும் ஒரே குவளையில் சந்தித்தன.

செய்முறை எளிது. பனிக்கட்டி நிறைந்த குவளையில் 30 மில்லி காம்பாரி, 30 மில்லி இனிப்பு வெர்மூத் ஊற்றிக் கலக்க வேண்டும். நுரைக்கும் ஒயின் 30 மில்லி கடைசியில்தான் சேர வேண்டும். அதன்பின் ஒருமுறை மெல்லக் கிளறினால் போதும், மிகுந்தால் வளி ஓடிவிடும். ஓர் ஆரஞ்சுத் துண்டு உடன் சேரும். காம்பாரியின் வலு 25 விழுக்காடு, வெர்மூத்தினது 16, ஜின்னினது 40 என்று கொண்டால் நெக்ரோனி, பனிக்கட்டி உருகுமுன், 27 விழுக்காடு. ஜின்னின் இடத்தில் 11 விழுக்காட்டு ஒயின் வந்தால் அது ஏறத்தாழ 17ஆகக் குறைகிறது. வெர்மூத்தின் மூலிகை மணம் தனித்துத் தெரிவதும், இனிப்பின் கனத்தை நுரை இலேசாக்குவதும் இந்த இறக்கத்தின் பயன்கள்.

2022 அக்டோபரில் நடிகர் எம்மா டார்சி ஓர் உரையாடலில் இப்பானத்தின் பெயரைச் சொல்ல, அந்தக் காணொளித் துணுக்கு உலகெங்கும் பரவியது. பலர் அன்றுதான் முதன்முறையாக அப்பெயரைக் கேட்டார்கள். பிழைக் கதையும் கூடவே பரவியது. கார்ப்பானோவும் கான்சியாவும் மார்த்தினோத்தியும் அக்கதையில் இல்லை. தவறான குப்பியை எடுப்பது எந்தக் கைக்கும் நேரக்கூடியது. ஊற்றியதைக் கொட்டிவிடாமல் சுவைத்துப் பார்த்து, இது நிற்கும் என்று தீர்மானித்த நாவுக்குப் பின்னால்தான் இரு நூற்றாண்டுப் பழக்கம் இருந்தது.