காந்தவிண்மீன்களின் வெடிப்பும் சுழற்சித் துள்ளலும்

காந்தவிண்மீன் என்பது, சுப்பர்நோவா வெடிப்பில் எஞ்சிச் சுமார் 20 கிலோமீற்றர் விட்டத்துக்குள் இறுகிய நியூத்திரன் விண்மீன்களுள், புவியினதைவிட நூறு இலட்சம் கோடி மடங்குக்கும் மேல் வலிய காந்தப்புலம் கொண்ட வகையாகும். இப்புலத்தின் இறுக்கம் மேலோட்டை முறிக்கும்போது எக்ஸ் கதிர்கள் பீறிடுவதாகவும், உராய்வின்றி ஓடும் உட்புற மீபாய்மம் தன் சுழலுந்தத்தை மேலோட்டுக்குக் கையளிக்கையில் சுழற்சி திடீரென விரைந்து ‘துள்ளல்’ நிகழ்வதாகவும் கருதப்படுகிறது. 2002 ஜூனில் 1ஈ 2259+586 என்னும் காந்தவிண்மீன் இவ்விரண்டையும் ஒருங்கே காட்டியது. அதுவே 2012 ஏப்ரலில் சடுதியாகத் தளர்ந்து சுழன்றமை பெரும் வியப்புக்குரியது, ஏனெனில் வழமையான மீபாய்ம விளக்கம் அதற்கு எளிதில் பொருந்தவில்லை. 5.54 செக்கனுக்கொருமுறை சுழலும் மற்றொரு காந்தவிண்மீனான எக்ஸ்டிஈ ஜே1810-197, பத்தாண்டு வானொலி மௌனத்தின் பின் 2018 டிசம்பரில் மீண்டும் விழித்தபோது, புனே அருகிலுள்ள மாபெரும் மீற்றரலை வானொலித் தொலைநோக்கி அதன் துடிப்புகளைத் தாழ் அதிர்வெண்களில் பதிவுசெய்தது.