இடித்துரை

'இடி' என்னும் வினைக்கு மோதுதல், உரலில் இட்டுக் குத்துதல், முழங்குதல் எனப் பல பொருள். அதனோடு 'உரை' சேர்ந்தால் இடித்துரைத்தல்: குற்றத்தை முகத்துக்கு நேரே, அழுத்திச் சொல்வது. புறம்பேசுதலுக்கு நேர் எதிரானது இது. திட்டுவதும் ஆகாது, கேட்பவர் திருந்த வேண்டும் என்ற அக்கறை இந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

அரசனைப் பற்றிப் பேசும்போதும் நட்பைப் பற்றிப் பேசும்போதும் திருக்குறள் 'இடித்தல்' என்றே சொல்கிறது. வணிகத்தில் இடிப்பவர் பெரும்பாலும் வாடிக்கையாளர்தான்.

அமெரிக்காவின் டோமினோஸ் பீட்சாவுக்கு அப்படித்தான் நேர்ந்தது. அடிரொட்டி அட்டை மாதிரி இருக்கிறது, சாஸ் கெட்சப் மாதிரி இருக்கிறது என்று சாப்பிட்டவர்கள் பட்டென்று சொன்னார்கள். நிறுவனம் சப்பைக்கட்டு கட்டவில்லை. மாவு, சாஸ், சீஸ் மூன்றையும் மாற்றியது. 2009 டிசம்பர் இறுதியில் அந்தக் குறைகளையே விளம்பரமாக்கியது. நிர்வாகி பேட்ரிக் டாயில் தாமே திரையில் தோன்றினார். எவ்வளவு துணிச்சல்!

2010இன் முதல் காலாண்டில், ஏற்கெனவே இயங்கிவந்த அமெரிக்கக் கடைகளின் விற்பனை முந்தைய ஆண்டின் அதே காலாண்டைவிட 14.3 சதவீதம் உயர்ந்தது.