பாப்பாத்தியம்மாளின் ஞானஸ்நானம்

பாளையங்கோட்டையில் குளோரிந்தா கட்டிய ஆலயத்தை எங்கள் ஊரில் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றுதான் சொல்வோம். மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் 1785-இல் பிரதிஷ்டை செய்த ஆலயம் அது. திருநெல்வேலிச் சீமைப் புராட்டஸ்டண்டு சபைக்கு அதுவே தாய்வீடு. திடப்படுத்தலுக்குப் பிள்ளைகளை ஆயத்தப்படுத்தும் வகுப்பில், ஞானஸ்நானப் பாடத்தை நான் எப்போதும் அந்த அம்மாளிடமிருந்தே தொடங்குவேன்.

அவர் தஞ்சாவூரில் வாழ்ந்த மராட்டியப் பிராமண விதவை. உடன்கட்டை ஏற இருந்தவரை லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி காப்பாற்றினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. அந்த அதிகாரியோடு வாழ்ந்த காலத்தில் அவரிடமே ஆங்கிலத்தையும் கிறிஸ்தவ விசுவாசத்தையும் கற்றார். பிறகு சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் கேட்டார். மணமுடிக்காமல் ஒருவரோடு வாழ்கிறவருக்குக் கொடுப்பதற்கில்லை என்று ஐயர் மறுத்துவிட்டார். லிட்டில்டன் இறந்தபின், 1778-இல் பாளையங்கோட்டைக்கு வந்த அதே சுவார்ட்ஸ் ஐயர், அங்கே வாழ்ந்துவந்த அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். குளோரிந்தா என்ற பெயர் அப்போதுதான் வந்தது.

மறுக்கப்பட்ட அந்த ஆண்டுகளில் கடவுளும் அவரை வாசலில் நிறுத்தி வைத்திருந்தாரா? இல்லை என்று நான் முழு மனதோடு நம்புகிறேன். அப்போஸ்தலர் நடபடிகளில் நூற்றுக்கு அதிபதியான கொர்நேலியுவின் வீட்டில் நடந்ததைப் பாருங்கள். பேதுரு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார். பரிசுத்த ஆவி அந்த வீட்டார்மேல் இறங்கிவிடுகிறது. தண்ணீர் அதற்குப் பிறகுதான் வருகிறது. கடவுள் முந்திக்கொண்டார், சபை பின்னால் போய்ச் சேர்ந்தது.

சுவார்ட்ஸ் ஐயரை நான் குறைத்துப் பேசவில்லை. மனந்திரும்புதலும் ஒழுங்கான வாழ்வும் வேண்டும் என்று அவர் கேட்டது அவருடைய மனச்சாட்சி. ஆனாலும் திருமணம் என்பது அந்தப் பெண்ணின் கையில் மட்டும் இருந்த காரியமா? சுமை முழுவதும் அவர் தலையில்தானே விழுந்தது? இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நோகிறது.

1780-இல் எழுதப்பட்ட பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் 40 பேர் இருக்கிறார்கள். முதல் பெயர் குளோரிந்தா. பின்வரும் பெயர்கள் பல சாதிகளைச் சேர்ந்தவை. பிராமணக் குலத்தில் பிறந்த ஒருவர் அவர்களோடு ஒரே ஏட்டில், ஒரே வரிசையில் நின்றார். சபைக்கு ஓர் உபதேசியார் வேண்டும் என்று தஞ்சாவூரில் போய்க் கேட்டதும் அவரே. அங்கிருந்து வந்த சத்தியநாதன் 1790-இல் குருப்பட்டம் பெற்றார். தன்னைக் காக்கவைத்த சபையை அந்த அம்மாள் கட்டி எழுப்பினார்.

இன்று எங்கள் ஆலயத்தில் ஐயர் குழந்தையைக் கையில் வாங்கி, தலையில் மூன்று முறை தண்ணீர் ஊற்றி, நெற்றியில் சிலுவை அடையாளம் போடுகிறார். அந்தப் பிள்ளைக்குப் பேசத் தெரியாது, நல்லது கெட்டது தெரியாது. சம்பாதித்துக் கொண்டுவந்த தகுதி ஒன்றும் அதனிடம் இல்லை. அந்த நிலையிலேயே கடவுள் அதைத் தம் பிள்ளை என்கிறார். சபையார் எழுந்து நின்று, இது எங்கள் பிள்ளையும்தான் என்று பொறுப்பேற்கிறோம். கடவுளின் அன்பை வாங்கிக் கொடுப்பதல்ல ஞானஸ்நானம். ஏற்கெனவே கிடைத்துவிட்ட அந்த அன்புக்கு ஊரறிய முத்திரை போடுவது அது.

ஆகவே ஞானஸ்நானம் கேட்டு வருகிறவரை ஆயத்தத்துக்காகக் காத்திருக்கச் சொல்லலாம். அதற்கு நியாயம் உண்டு. ஆனால் காத்திருக்கும் நாளிலும் அவர் கடவுளுக்கு வேண்டியவர் என்பதை அவரிடம் சொல்லி, நம் பக்கத்திலேயே உட்காரவைக்க வேண்டும். குளோரிந்தாவின் வரலாறு பாளையங்கோட்டைச் சபைக்கு விட்டுச்சென்ற கடமை இது.