சொல் மறையும் நோயும் மொழியுரிமையும்

மொழியின் பொருட்டுத் திருகோணமலை மக்கள் நடத்திய போராட்டங்கள் நமது சரித்திரத்தில் இடம்பெற்றுவிட்டன. 1956 இல் தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறியது. அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழரசுக் கட்சியின் மாநாடு இந்நகரில் கூடியது. மக்கள் கால்நடையாக யாத்திரை வந்து சேர்ந்தனர். 1961 இல் கச்சேரி வாயிலில் சத்தியாக்கிரகிகள் அமர்ந்தனர். தன் தாய்மொழியிலே பேசிப் பதில் பெறுவது மனிதனின் உரிமை என்பதே அப்போராட்டங்களின் சாரம். ஆனால் அந்த மொழியே ஒருவரின் மூளையிலிருந்து சொல் சொல்லாக நழுவும்போது அவருடைய மொழியுரிமை என்னவாகிறது? இக்கேள்வியையும் நாம் எழுப்பவேண்டிய காலம் வந்துவிட்டது.

டிமென்ஷியா என்று மருத்துவர் கூறும் மூளைத்தளர்ச்சி எப்போதும் மறதியுடன் தொடங்குவதில்லை. சிலருக்கு நினைவு தெளிவாயிருக்க, பேச்சு மட்டும் முதலில் தளர்கிறது. கொட்டியாரக் குடாவில் வாழ்நாளெல்லாம் வலை வீசிய ஒருவரை எண்ணிப் பார்ப்போம். சூரை, பாரை, சீலா என இனம் பிரித்துச் சொன்னவர் யாவற்றையும் 'மீன்' என்கிறார். பின்னர் மீனும் 'அந்தச் சாமான்' ஆகிவிடுகிறது. இது சொல்லின் பொருளே அழியும் வகை. இன்னொரு வகையில் பொருள் தெரியும். ஆனால் இலக்கணம் சிதைந்து, ஒவ்வோர் ஒலியும் பெருமுயற்சியுடன் வெளிவரும். மூன்றாவது வகையில் சொல்லைத் தேடித் தேடி வாக்கியம் நடுவழியில் நின்றுவிடும். வீட்டாரோ, "அப்புவுக்கு வயது போய்விட்டது" என்று சொல்லி ஒதுங்குகின்றனர்.

இந்த அறியாமை நமக்கு மட்டும் உரியதன்று. 1861 இல் பரிஸ் நகரிலே, 'தான்' என்ற ஒரே ஒலியை மட்டும் எழுப்பக்கூடிய நோயாளியின் மூளையை ஆராய்ந்த போல் புரோக்கா, பேச்சுக்கும் மூளையின் இடது முன்பகுதிக்கும் உள்ள தொடர்பை நிறுவினார். 1892 இல் பிராக் நகரத்து ஆர்னோல்ட் பிக், மொழி படிப்படியாகத் தேய்ந்த ஒரு முதியவரைப்பற்றி எழுதினார். பின்னர் ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகள் இந்நோய் முதுமையென்னும் பெரும்போர்வைக்குள் மறைந்து கிடந்தது. 1982 இல் அமெரிக்காவில் மார்செல் மெசுலம் ஆறு நோயாளிகளைப் பற்றி எழுதிய பின்னரே இது தனி நோயென ஏற்கப்பட்டது. நாம் மேலே கூறிய மூன்று வகைகளும் 2011 இல்தான் வரையறுக்கப்பட்டன.

சிகிச்சையின் சரித்திரமோ யுத்தகளத்தில் வளர்ந்தது. 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி யப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தின் மீது குண்டு பொழிந்தன. அதே யுத்த காலத்தில், யூரல் மலைப்பகுதி ஆஸ்பத்திரியொன்றில் சோவியத் விஞ்ஞானி அலெக்சாந்தர் லூரியா, தலையிற் காயமுற்றுப் பேச்சிழந்த போர்வீரரை மீண்டும் பேசப் பழக்கிக்கொண்டிருந்தார். ஒரு பாதை அழிந்தால், எஞ்சிய பாதைகளைக்கொண்டு செயலை மீண்டும் கட்டியெழுப்பலாம் என்பது அவர் காட்டிய உண்மை. ஆனால் காயம் ஒருமுறை தாக்கி நிற்பது. இந்நோயோ நாள்தோறும் முன்னேறுவது. ஆகவே பயிற்சி வீண் என்ற எண்ணம் நெடுங்காலம் நிலவியது. அவ்வெண்ணம் இன்று தளர்ந்துவிட்டது. பத்து நோயாளிகள் தம் வாழ்க்கையைப்பற்றிய சிறு உரைகளைப் பலமுறை பேசிப் பழகினர். அதன் பயன் ஓராண்டுவரை நிலைத்ததை 2018 இல் வெளியான ஆய்வு காட்டியது. லண்டனில் அன்னா வோல்க்மரும் அவருடைய குழுவினரும் நோயாளியோடு வீட்டாரையும் பழக்குகின்றனர்: பொறுத்திருந்து கேட்பது, பரீட்சிப்பதுபோற் கேளாதிருப்பது, சைகையையும் படத்தையும் துணைக்கொள்வது. நோயைத் தடுக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆயினும் மனிதன் மனிதரோடு உறவாடும் காலத்தை நீட்டிக்க முடிகிறது.

இலங்கையில் இக்கலைக்கான பயிற்சி 1997 இல் றாகமையிலுள்ள களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்திலே ஆரம்பமாயிற்று. ஆயினும் தமிழ் பேசும் சிகிச்சையாளர் மிகச் சிலரே. ஏனைய நோய்களுக்கு மொழிபெயர்ப்பாளர் ஓரளவு உதவலாம். நோயே மொழியில் இருக்கும்போது மொழிபெயர்ப்பு எங்ஙனம் உதவும்? ஆங்கிலத்தில் எழுத்து ஒன்றும் ஒலி வேறொன்றுமான சொற்களை வாசிக்கத் தவறுவது, பொருள் அழியும் வகைக்கு ஓர் அறிகுறி. பெரும்பாலும் எழுதியபடியே வாசிக்கும் தமிழில் அந்தச் சோதனைக்கு இடமேது? 'வந்தான்', 'வந்தாள்', 'வந்தது' என வினையின் இறுதியிலே திணையும் பாலும் ஏந்தும் மொழிக்கு, ஆங்கிலத்துக்கென ஆக்கிய இலக்கணப் பயிற்சி எங்ஙனம் பொருந்தும்?

இத்துறைமுகமோ பல மொழிகள் சந்திக்கும் இடம். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் அருகருகே வாழ்கின்றனர். பறங்கியர் சிலரிடம் போர்த்துக்கேயக் கிரியோல் மொழியும் எஞ்சியிருக்கிறது. சந்தையிலும் தொழிலிடத்திலும் இரு மொழிகளைக் கையாள்வோர் பலர். ஹைதராபாத்தில் 648 நோயாளிகளை ஆராய்ந்து சுவர்ணா அல்லாடி குழுவினர் 2013 இல் வெளியிட்ட முடிவு இங்கே கருதத்தக்கது: இருமொழியாளருக்கு மூளைத்தளர்ச்சி சராசரியாக நாலரை ஆண்டுகள் பிந்தியே தோன்றியது, எழுத்தறியாதவரிடமும் இவ்வேறுபாடு காணப்பட்டது. உழைக்கும் மக்களின் நாவில் உள்ள மொழிகள் அவர்களுடைய செல்வம் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

1987 இல் அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. சட்டத்தில் ஏறிய மொழி வைத்தியசாலைக் கட்டிலருகே வந்தாகவேண்டும். தமிழிலும் சிங்களத்திலும் பயின்ற சிகிச்சையாளர் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் வேண்டுமென நாம் கோரவேண்டும். அதுவரையில் ஆசிரியரும் மாணவரும் வாளாவிருக்க வேண்டியதில்லை. மீன்சந்தை, வயல், கோவில், பள்ளிவாசல், அடுக்களை ஆகியவற்றின் சொற்களைப் படங்களோடு தொகுக்கலாம். முதியோர் தம் கதையைத் தம் குரலிலே சொல்லும்போது பதிவுசெய்யலாம். அங்ஙனம் திரட்டிய சொற்களே நாளைய சிகிச்சையாளரின் கருவிகளாகும். கச்சேரி வாயிலில் நாம் கேட்ட நீதியை, ஒரு சொல்லுக்காகத் திணறும் முதியவரின் பொருட்டும் கேட்கவேண்டும்.